எட்டாவது பொட்டு

கார் கதவு பக்கவாட்டில்தான் திறக்கும். அதை மேலே திறக்கிற மாதிரி மாற்றித் தரவேண்டும் என்று ஒருவர் என் பட்டறைக்கு வந்து கேட்டபோது, நான் முதலில் அவருடைய கண்ணைப் பார்த்தேன். சிவந்திருக்கவில்லை. நிதானமாகத்தான் இருந்தார்.

ஓடைப்பட்டிக்காரர். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். கொச்சியில் யாரோ ஓட்டி அலுத்துப்போன இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்திருந்தார். நல்ல மஞ்சள். உத்தமபாளையம் பைபாஸில் என் தகரக் கொட்டகை முன்னால் அது நின்றபோது, பழைய டெம்போக்களுக்கு நடுவில் மணமேடைக்கு வழி தெரியாமல் வந்துவிட்ட பெண் மாதிரி இருந்தது.

"எதுக்கு தம்பி மேல தொறக்கணும்?"

"எங்க சந்து ஒங்களுக்குத் தெரியாதுண்ணே. காரு உள்ள போயிருது. நாங்கதான் வெளிய வர முடியல."

இரண்டு கதவு வண்டிகளில் கதவு நீளமாக இருக்கும். அவருடைய சந்தில் ஒரு சாண் திறந்ததுமே எதிர்வீட்டுச் சுவர். இரண்டு மாதமாக அவரும் அவர் மனைவியும் பின்சீட்டுக்குத் தாவி, டிக்கியைத் திறந்து அதன் வழியாக இறங்கிக்கொண்டிருந்தார்களாம்.

"ஊரே நின்னு பாக்குதுண்ணே. பட்டுச்சேலையோட டிக்கியில எறங்குனா எப்பிடி இருக்கும்? இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டா."

"கதவ மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ்ல கேப்பாக."

"கேட்டா தொறந்து காட்டுவோம்."

இப்படிப்பட்ட ஆளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வராது. ஐம்பத்திரண்டு வயதில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, தெரியாத வேலையைத் தெரிந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது.

பதினைந்து நாளில் சாமான் வந்தது. கதவுக்கு ஒன்றாக இரண்டு தடித்த இரும்புக் கீல், கதவைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கேஸ் ஷாக், போல்ட்டுகள், எனக்குத் தெரியாத நான்கு மொழிகளில் ஒரு தாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆரம்பித்தேன். முன்பக்க மட்கார்டைக் கழற்றி, கதவுக்குப் போகிற ஒயரைப் பிரித்து, கதவை மெத்தை சுற்றித் தனியே வைத்தேன். பழைய கீல் இருந்த இடத்தில் புதியதைப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு கீலும் கார் உடம்போடு நான்கு போல்ட்டில் நிற்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. கதவு முதலில் கொஞ்சம் வெளியே வந்து, பிறகு கிளி றெக்கையைத் தூக்குவது மாதிரி மேலே போகும். அந்த மொத்தப் பாரமும் நான்கு போல்ட்டின் கழுத்தில். அதற்கு அடியில்தான் மனுசன் தலையைக் கொடுத்து இறங்குவான்.

இந்த இடத்தில் என் பட்டறையின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கி முடித்தால், அதன் தலையில் ஒரு குங்குமப் பொட்டு. பொட்டு இருந்தால் இறுக்கியாகிவிட்டது. இல்லாவிட்டால் இல்லை. வேறு ஊர்ப் பட்டறைகளில் பெயின்ட் பேனாவால் கோடு போடுவார்கள். எங்களிடம் குங்குமம்தான். ஆரம்பித்துவைத்தவர் என் கூட்டாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கோம்பைப் பக்கத்துக் கிறிஸ்தவர். அவர் கொண்டுவந்த மாதா காலண்டரும் நான் மாட்டிய முருகன் படமும் ஒரே ஆணிப் பலகையில்தான் தொங்கின. முருகனுக்குக் கீழே குங்குமக் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

"ஒங்க சாமியோ எங்க சாமியோ, போல்ட்டு டைட்டா இருக்கணும்லே" என்பார்.

இந்த வழக்கம் ஏன் வந்தது என்றால், இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு லாரியின் பின்கதவு கழன்று விழுந்து அவருடைய வலது கையில் இரண்டு விரல் போனது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஒரு போல்ட் இறுக்கப்படாமல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே கிண்ணத்தை எடுத்தார். மோதிர விரலால் தொட்டு வைத்தார். "பொட்டு வைக்கிற விரல மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு பாத்தியா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் பட்டறையில் நான்தான் கோமாளி என்பது ஊருக்குத் தெரியும். அன்று அவர் என்னைவிட நன்றாகச் செய்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் காலமாகிவிட்டார். நெஞ்சுவலி. அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் பட்டறையில் இருக்கிறேன். தனியாக என்று வெளியில் சொல்கிறேன்.

அவர் உட்கார்ந்த மர ஸ்டூலை நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று பல தடவை நினைத்து, கிட்டே போய், வேறு வேலை நினைவுக்கு வந்து திரும்பியிருக்கிறேன். தகரத்தை மூன்று விரலால் தட்டிப் பார்ப்பார் அவர். கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். அந்தத் தட்டு தனியாகத் தெரியும். மதிய வெயிலில் கூரைத் தகரம் விரிந்து சத்தம் போடும்போது, மூன்று மூன்றாகக் கேட்கும். தகரம் சூட்டில் விரியும் என்று எனக்கும் தெரியும். முப்பது வருடமாகத் தகரத்தோடுதான் பிழைப்பு. ஆனாலும் அந்த நேரத்தில் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். விவசாய நிகழ்ச்சியானாலும் பரவாயில்லை. நெல்லில் குலைநோய்க்கு என்ன மருந்து என்று எனக்கு இன்று மனப்பாடமாகத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், ஆறு நாள் வேலை முடிகிற நேரம். எட்டு போல்ட்டையும் வரிசையாக இறுக்கிக்கொண்டிருந்தேன். இறுக்குவதற்கு என்னிடம் ஒரு டார்க் ரெஞ்ச் உண்டு. போதுமான அளவு இறுகியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். டக், ஒரு பொட்டு. டக், ஒரு பொட்டு. வலது பக்கம் நான்கு. இடது பக்கம் மூன்று. எட்டாவது போல்ட்டில் ரெஞ்சை மாட்டினேன்.

பக்கத்து மரக்கடைக்காரர் ஒரு கோம்பை நாய் வைத்திருக்கிறார். செம்மண் நிறம், கறுத்த மூஞ்சி. தினமும் அந்த நேரத்துக்கு வந்து வாசலில் நிற்கும், நான் பன் கொடுப்பேன், போய்விடும். அன்று வந்து நின்றது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், ஸ்டூல் இருந்த பக்கம் பார்த்தது. முதுகு முடி எழுந்து நின்றது. அடித்தொண்டையில் ஒரு உறுமல்.

"என்னடா" என்றேன். அது என்னிடம் பேசத் தயாராக இல்லை.

நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். ஒரு எலி இருந்திருக்கும், பூனை இருந்திருக்கும். திரும்பிப் பார்த்து எலியைக் கண்டுபிடிப்பவர்கள்தான் வாழ்க்கையில் முன்னேறுகிறார்கள். நான் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கோ பதில் சொல்வது மாதிரி, "ஒரு டீ குடிச்சுட்டு வந்துர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாய்க்கே கொஞ்சம் கேவலமாகப் போயிருக்கும். டீக்கடையில் மூன்று டீ குடித்தேன். திரும்பி வந்து, உள்ளே பார்க்காமல், கையை மட்டும் நீட்டி ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இப்படி ஒரு வண்டி எங்கள் பட்டறையிலிருந்து போகிறது என்பதால் என் மனைவி பூஜை போட வந்திருந்தாள். அவள் பட்டறைக்கு வருவதே வருடத்துக்கு இரண்டு தடவை. சாவியை அவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். காரணம் கேட்கக்கூடாது. போனபோது இரண்டு கதவும் மேலே நின்றிருந்தன. எலுமிச்சம்பழம், சந்தனம், சாம்பிராணிப் புகை. கதவுக்கு அடியில் குனிந்து கீலைப் பார்த்தேன்.

இடது பக்கம் நான்கு போல்ட். நான்கிலும் பொட்டு.

எனக்கு மூன்று பொட்டு வைத்ததாகத்தான் ஞாபகம். நான்காவதில் ரெஞ்சு மாட்டினேன், நாய் உறுமியது, ஓடினேன். டக் சத்தம் கேட்டதா? கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. ஒன்று, நான் பயத்தில் வைத்து மறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் வைத்திருக்க வேண்டும். உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. அப்புறம் எனக்கே ஒரு நிம்மதி வந்தது. யார் வைத்தாலும் பொட்டு பொட்டுதான். அவர் வைத்திருந்தால் என்னைவிட நன்றாகவே இறுக்கியிருப்பார்.

பன்னிரண்டு மணிக்கு ஓடைப்பட்டிக்காரர் மனைவியோடு வந்தார். அந்தம்மா நல்ல சிவப்புப் பட்டு, தலை நிறையப் பூ. குமுளியில் தங்கை வீட்டில் மறுநாள் விடிகாலையில் பால் காய்ச்சுகிறார்களாம், அங்கே போகிறார்கள். அவர் கதவைத் தூக்கினார். அந்தம்மா உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி உட்கார்ந்தார். முதலில் தலையை நீட்டி, வெளியே பார்த்து, பிறகு ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு காலை வைத்து இறங்குகிற ஆள்.

"இப்பத்தான் மனுசி மாதிரி எறங்குறேன்" என்றார்.

மஞ்சள் வண்டி கம்பம் ரோட்டில் திரும்பி மறைகிறவரை கையாட்டிக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. இரண்டாவது கை சோறு வாயில் இருக்கும்போது என் மனைவி சொன்னாள்:

"கதவுக்கு அடியில இரும்பு வரிசையா ஒரு எட்டு இருந்துச்சுல்ல. நீங்களே பொட்டு வச்சிருந்தீக. ஒண்ணு மட்டும் மூளியா நின்னுச்சு. அதுக்கும் வச்சு விட்டேன்."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எந்தப் பக்கம்?"

"அந்தம்மா உக்காந்த பக்கம். ஏன், வைக்கக் கூடாதா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பொட்டு எதற்கு என்று இருபது வருடமாக அவளிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் கதையை முழுக்கச் சொல்ல வேண்டி வரும்.

பேய் வைத்த பொட்டு என்று நினைத்தபோது எனக்கு வந்த பயம் ஒரு வகை. பேய் வைக்கவில்லை என்று தெரிந்தபோது வந்த பயம் வேறு வகை. முதல் பயத்தில் ரேடியோ வைக்கலாம். இரண்டாவதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஓடைப்பட்டிக்காரருக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. கையைக் கழுவினேனா என்று தெரியவில்லை. பட்டறைக்குப் போய் டார்க் ரெஞ்சை எடுத்து ஒரு துண்டில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்னால் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு கிளம்பினேன். ஸ்டூலைப் பார்க்கவில்லை.

நான்கில் ஒன்று இறுகாமல் இருந்தால் கதவு உடனே விழாது. மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். எத்தனை தடவை சுமக்கும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு தடவை தூக்கி இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இரண்டு தடவை திறந்து மூடுகிற ஆளாக இருந்தால் எனக்கு இவ்வளவு நடுக்கம் இல்லை. அவரோ வழியில் மாடு நின்று பார்த்தாலும் அதற்கும் திறந்து காட்டுகிற ஆள்.

கம்பத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு டீக்கடை. வயதான ஒரு அம்மா வடை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, மஞ்சக் காரு ஒண்ணு இந்தப் பக்கம் போச்சா? கதவு மேல போறது."

"றெக்க வச்ச காரா? இங்கனதான் நின்னுச்சு. மூணு தடவ தொறந்து காட்டினாக. நாலாவது தடவைக்கு எங்க வீட்டு மனுசனும் உள்ள உக்காந்து பாத்தாரு."

"உக்காந்தாரா? தலை?"

"தலையோடதான் உக்காந்தாரு. அதக் கழட்டி வச்சுட்டா உக்காருவாக?"

நான்கு. ஸ்கூட்டரை முறுக்கினேன். அது கழுதை மாதிரி கனைத்துவிட்டுப் பழைய வேகத்திலேயே போனது.

கூடலூரில் ஒரு பங்சர் கடை. கேட்டதும் அங்கிருந்தவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு தடவை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு தடவை. வாழைத்தார் வாங்கி உள்ளே வைக்க ஒரு தடவை.

"வீடியோ எடுக்க ஒரு தடவ. அஞ்சுன்னு வச்சுக்கங்களேன்."

வைத்துக்கொண்டேன். ஒன்பது. அவர் என் காலுக்கிடையில் துண்டு சுற்றி இருந்ததைப் பார்த்தார்.

"அருவாள எடுத்துக்கிட்டு எங்கன போறீக?"

"அருவா இல்லப்பா. ஸ்பேனர்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாக" என்று கடைக்குள்ளே போய்விட்டார்.

கூடலூரைத் தாண்டினால் மலை எதிரே எழுந்து நிற்கும். அந்த மலையைப் பார்த்துக்கொண்டு போகும்போதுதான், இருபது வருடமாக நான் போட்டு மூடி வைத்திருந்தது மேலே வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த லாரியின் பின்கதவை மாட்டியது நான். அண்ணன் இல்லை. கடைசி போல்ட்டைக் கையால் மட்டும் திருகி வைத்துவிட்டு, யாரோ ஒருவர் வந்து ஏதோ ஒரு ஜோக் சொன்னார், பதிலுக்கு நான் ஒன்று சொன்னேன், அவர் சிரித்தார், இன்னொன்று சொன்னேன். நான் சொன்னது என்ன என்று இன்றுவரை ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு நல்ல ஜோக்கும் இல்லை. அடுத்த அரை மணியில் கதவு விழுந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். கீழே கிடந்த போல்ட்டின் மரையில் ஒரு கீறல் கூட இல்லை. இறுக்கியிருந்தால் இருந்திருக்கும்.

கட்டுப் போட்ட கையோடு அவர் வந்து சொன்னார்: "நான்தான்லே மறந்திருக்கேன். வயசாகுது பாரு."

நான் வாயைத் திறந்திருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன். "விடுங்கண்ணே, யாருக்கும் மறக்கும்" என்று ஆறுதல் சொன்னேன்.

பதினேழு வருடம் அவர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தன் மறதிக்காகப் பொட்டு வைத்தார். பக்கத்தில் நின்று கிண்ணத்தை நீட்டியது நான். பேய் என்று ஒன்று இருந்தால் அது என்னைப் பயமுறுத்த ஸ்டூலில் வந்து உட்கார வேண்டியதே இல்லை. அந்தக் கிண்ணம் போதும்.

லோயர் கேம்பில் மலையிலிருந்து மின்நிலையத்துக்குப் பெரிய தண்ணீர்க் குழாய்கள் இறங்குகிற இடம் தெரிகிற மாதிரி, ரோட்டோரம் மஞ்சளாக அது நின்றது. மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் கடைசிக் காட்சி போலிருக்கிறது. ஓடைப்பட்டிக்காரர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். இடது கதவு வானத்தைப் பார்த்து நின்றது. அந்தம்மா தலையை வெளியே நீட்டி, சிரித்துக்கொண்டே இறங்க ஆரம்பித்தார்.

"எறங்காதீக" என்று கத்தினேன்.

அந்தம்மா அப்படியே நின்றுவிட்டார். உடம்பு உள்ளே, தலை வெளியே, மேலே கதவு. அதைவிட மோசமான இடம் அந்த வண்டியில் இல்லை. நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்நேரம் இறங்கி நடந்து போயிருப்பார்.

"எறங்குங்க எறங்குங்க."

"எறங்கவா வேண்டாமா?" பக்கத்துக் கால்வாயில் தண்ணீர் போகிற சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டது.

"தலைய உள்ள எடுங்க. இல்ல, வெளிய வாங்க."

"ஏண்ணே, ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று அந்தம்மா தலையைத் திருப்பி மேலே கதவைப் பார்த்தார். நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டு கூடப் போடாமல் விட்டுவிட்டு ஓடி, இரண்டு கையாலும் கதவைத் தாங்கிப் பிடித்தேன். ஸ்கூட்டர் பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. அந்தம்மா என் அக்குளுக்கு அடியில் குனிந்து, பூ கசங்காமல், இறங்கி வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" ஓடைப்பட்டிக்காரர் வீடியோவை இன்னும் நிறுத்தவில்லை.

"சும்மா. ஒரு செக்கிங்."

அதுதான் என் வாயில் முதலில் வந்தது. பழக்கம்.

அவரைக் கதவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ரெஞ்சை எடுத்தேன். நான்கு போல்ட், நான்கு பொட்டு. முதலாவது, வைத்ததும் டக். இரண்டாவது, டக். மூன்றாவது, டக். நான்காவதில் மாட்டி இழுத்தேன். திரும்பியது. இன்னும் திரும்பியது. ஒன்றே முக்கால் சுற்றுக்குப் பிறகுதான் டக் என்றது.

கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியாது. ரெஞ்சைத் துண்டில் சுற்றிவிட்டு, நல்லா இருக்கு தம்பி, போய்ட்டு வாங்க என்று சொன்னால் முடிந்தது. வாழைத்தாரில் ஒரு சீப்பு பிய்த்துக் கொடுத்திருப்பார். அதைத் தின்றுகொண்டு திரும்பியிருக்கலாம். தின்றிருப்பேன் என்பதுதான் எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது.

"தம்பி, இந்த ஒண்ண நான் இறுக்கல. மறந்துட்டேன்."

அவர் போனைப் பையில் வைத்தார். என்னைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், கொஞ்ச தூரத்தில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதி. திட்டுகிறவர்களிடம் எனக்கு நன்றாகப் பேச வரும்.

"உள்ள உக்காருங்க" என்றார்.

"எங்கன?"

"அவ உக்காந்த எடத்துல."

உட்கார்ந்தேன். அவ்வளவு தாழ்வான சீட்டில் என் தொப்பையோடு உட்காருவது ஒரு தனி வேலை.

"அவ எறங்குற மாதிரி தலைய நீட்டுங்க."

நீட்டினேன். அவர் என் தலைக்கு மேலே கதவை முக்கால்வாசி இறக்கி, மறுபடி விட்டார். கேஸ் ஷாக் பெருமூச்சு விட்டது. ஒன்று என்றார். மறுபடி இறக்கினார். இரண்டு.

"போதும்ங்க, பாவம்" என்றார் அந்தம்மா.

"பத்து முடியட்டும்."

பிடரியில் கதவின் நிழல் வந்து வந்து போனது. நானே இறுக்கிய போல்ட்டுக்கு அடியில், நானே கழுத்தை நீட்டிக்கொண்டு, ஓடைப்பட்டி திராட்சைக்காரர் எண்ண எண்ணக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு எதிரே அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. ஐந்து. ஆறு. வேர்வை மூக்கு நுனியிலிருந்து தரையில் சொட்டியது.

ஏழாவதற்குக் கேட்டார்: "இதுக்கு முன்ன இப்பிடி ஆயிருக்கா?"

தலை உள்ளே இருந்திருந்தால் இல்லை என்றிருப்பேன்.

"ஆயிருக்கு. என் கூட்டாளிக்கு ரெண்டு விரல் போச்சு."

"ஒங்களாலயா?"

"ஆமா."

எட்டு வரவில்லை. கதவு மேலேயே நின்றது.

"அவருக்குத் தெரியுமா, நீங்கதான்னு?"

"தெரியாது. அவராலதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு."

"இப்ப எங்கன இருக்காரு?"

"போய்ட்டாரு. மூணு வருசமாச்சு."

மலைப்பாதையிலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது. செருப்பு இரண்டும் நகரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, கதவைப் பிடித்திருந்த கை மாறியது தெரிந்தது.

"தலைய உள்ள எடுங்க" என்றார். எடுத்தேன். கதவை மெதுவாக, முழுவதும் இறக்கி, வெளியே இருந்து அழுத்தினார். க்ளிக் என்று பூட்டிக்கொண்டது. அவர் மனைவியிடம் போய் நின்றார்.

கண்ணாடி ஏற்றியிருந்தது. வெளிச் சத்தம் எல்லாம் அப்படியே அறுந்துபோனது. பின்னால் வாழைத்தார் வாசம். அவர் என்னை யோசிக்க விட்டுவிட்டுப் போனாரா, பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் டிரைவர் சீட் இருந்தது. காலியாகத்தான் இருந்திருக்கும். ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை, பட்டப்பகலில், ஊருக்கே தெரிகிற மஞ்சள் காருக்குள், அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்ப முடியாமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை இரண்டும் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தன. கதவைத் திறக்கிற கைப்பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மாட்டியது நான். திறக்கவில்லை.

"அண்ணே" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை.

"அண்ணே, அந்த லாரிக் கதவு. அது நீங்க இல்ல."

கண்ணாடிக்கு வெளியே அந்தம்மா தன் வீட்டுக்காரரின் கையைத் தட்டி, உள்ளே உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற என்னைக் காட்டினார். அவர் பார்த்தார். வந்து கதவைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. ரோட்டில் விழுந்து கிடந்த என் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.